கழுவாமல் வைத்த ஊசி

நான் வேலை பார்த்த போலீஸ் ஆயுதக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை. கொடுத்த காபி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும், கிடங்குக்கு வந்திருக்கும் புது அல்ட்ராசானிக் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "துருப்பிடிச்ச பார்ட்ட உள்ள போட்டா, புதுசு மாதிரி வெளிய வருது சார். நீங்கல்லாம் பல் தேய்க்கிற பிரஷ்ஷ வெச்சிக்கினு எப்டித்தான் காலம் தள்ளுனீங்களோ" என்று கேலி வேறு. நானும் சிரித்தேன். கழுவி எடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "தொடச்சி வெச்சிடுவோம் சார்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு மட்டுமில்லை, கிடங்குகளில் வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும்தான்.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். தொட்டியில் சுடுதண்ணீரும் சோப்புக் கரைசலும் ஊற்றி, உறுப்பைக் கூடையில் வைத்து இறக்கினால், நம் காதுக்கு எட்டாத ஓர் அதிர்வு தண்ணீருக்குள் ஓடும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் எல்லா இடுக்கிலும் புகுந்து உடைந்து அழுக்கைப் பெயர்த்துத் தள்ளும். பிரஷ் நுழையாத ஓட்டைக்குள்ளும் நுழையும். நுழைந்து, அழுக்கோடு சேர்த்து அங்கே இருந்த எண்ணெயையும் வழித்துக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். விஷயம் இவ்வளவுதான். இதை நாங்கள் தெரிந்துகொள்வதற்குள் ஒருவர் செத்துப்போனார். அவருக்கும் நம் தொழிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஜவ்வாது மலையில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் வேலூரில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக, இருந்தேன். பஜாரில் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் பழுது பார்ப்பவரை ஊரே பாய் என்று கூப்பிடும். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதுவது அவருக்குப் பிடித்திருக்காது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எனக்கு ஒரு ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் அவரிடம் ஓடுவேன். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார். மற்ற நாளெல்லாம் டீயும் சமோசாவும் ஊர் வம்பும்தான். என்னை "இன்னா ஆர்மரரே" என்று கூப்பிடுவார். சர்க்காரே எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

மூடப்போகிற கைக்கடிகாரக் கடை ஒன்றிலிருந்து முதலாளி ஓர் அல்ட்ராசானிக் மெஷினை வாங்கிப் போட்டார். சின்னத் தொட்டி. துப்பாக்கிக் குழல் அதில் போகாது. குழலுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கட்டை, விசை, தோட்டாவை இடித்து வெடிக்க வைக்கிற ஊசி, இவை எல்லாம் போகும். சுட்ட தோட்டாவின் பித்தளை அடிகளை அதில் போட்டு எடுத்துத் தங்கக் காசு மாதிரி பளபளக்க வைத்து, கண்ணாடிப் பெட்டியில் விளம்பரத்துக்கு அடுக்கினார். ஆட்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாய்க்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அழுக்கு கறுப்புப் புகையாகத் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தச் சமயம் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், லைசன்ஸ் உள்ள கடையிலும் கொடுக்கலாம். மலைக்காரர்கள் பலர் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள், பாய் பத்திரமாக வைத்திருப்பார் என்று. எல்லாம் காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கிகள். ஒப்படைத்த துப்பாக்கிகளை எல்லாம் இந்த முறை மெஷினில் கழுவி இலவசமாகத் தருவதாக முதலாளி அறிவித்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வியாபாரி, அவ்வளவுதான்.

திருப்பிக் கொடுக்கிற நாளில் நான் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம். மலையில் சாமை கதிர் பிடிக்கிற சமயம் என்பதால் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள். கழுவிய உறுப்புகளைக் காயவைக்க, பாய் ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்புகளை மாட்டி வைத்திருந்தார். அதற்குள் வைத்துச் சூடேற்றி எடுத்து, எண்ணெய் விட்டு, பிறகுதான் பூட்டுவார். அவர் ஒழுங்கான வேலைக்காரர் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். நடுமத்தியானம் கரண்ட் போயிற்று. பெட்டிக்குள் பல்புகள் அணைந்தன. மீதம் இருந்த துப்பாக்கிகளில் ஒன்று வெள்ளையனுடையது.

வெள்ளையன் ஒடுகத்தூருக்கு மேலே மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். கூடவே அவருடைய தம்பி கோவிந்தனும் வந்திருந்தார்.

"நாளைக்கு வாயேன்பா. உள்ள ஈரம் கீது, காயணும்" என்றார் பாய்.

"நாளைக்கா? நேத்தே பன்னி எறங்கி பாதி சாமக் கொல்லய ஒழப்பிட்டுப் போய்ட்ச்சி பாய். இன்னிக்கும் வுட்டா பொறுக்கறதுக்குக் கூட ஒண்ணும் மிஞ்சாது. ஒடுகத்தூர் பஸ் பூட்ச்சின்னா மலைக்கு எப்டிப் போறது?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் காலைப் பார்த்தார். செருப்பில்லாமல் சேறு ஏறிய கால். அவருக்கு மனசு கேட்கவில்லை. பஞ்சால் துடைத்தார், வாயால் ஊதினார், வெளியே எல்லாம் எண்ணெய் தடவினார், பூட்டிக் கொடுத்தார். "வூட்டுக்குப் போனதும் அடுப்பாண்ட வெச்சிக் காய வையி. அப்பால எண்ண வுடு" என்று சொல்லவும் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். தம்பி துப்பாக்கியின் இரும்புக் கட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "மொகம் தெரியுது பாருண்ணா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும்.

அப்போதைக்குத் துப்பாக்கி நன்றாகத்தான் வேலை செய்தது. பன்றிகள் ஓடின. கொஞ்ச நாளைக்கு அவை வரவில்லை. வீட்டில் துப்பாக்கியை மாட்டி வைக்கும்போது குதிரையை, அதாவது ஊசியின் பின்னால் அடிக்கிற சுத்தியை, மெதுவாக இறக்கி வைத்துவிடுவது மலைக்காரர்களின் வழக்கம். தூக்கியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பார்கள். குதிரை இறங்கி இருந்தால் அது ஊசியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். குதிரையைத் தூக்கினதும் ஊசி தன் துளைக்குள் பின்வாங்க வேண்டும். எண்ணெய் இருந்தால் பின்வாங்கும். இந்தத் துளைக்குள் எண்ணெய் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. மேலே மழையும் பனியும். சில வாரங்களில் ஊசி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது.

ஒரு விடியற்காலையில் பன்றிகள் திரும்ப வந்தன. கோவிந்தன் தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வெள்ளையன் பின்னால் நின்று குதிரையைத் தூக்கி, துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவைப் போட்டு, மூடினார். மூடின மாத்திரத்தில் வெடித்தது. கோவிந்தன் சாமைக் கதிருக்குள் விழுந்தார்.

அண்ணனும் தம்பியும் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு புளியமரத்துக்காகச் சண்டை போட்டிருந்தார்கள். ஊரே கேட்ட சண்டை. பிறகென்ன, அண்ணன் வேண்டுமென்றே சுட்டார் என்று கேஸ் ஆகிவிட்டது. "மூடுனேன், வெடிச்சிட்ச்சி. வெசயத் தொடல" என்பதைத் தவிர வெள்ளையன் வேறு எதுவும் சொல்லவில்லை. சுட்டவன் எல்லாம் இதைத்தானே சொல்வான் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கிடங்குக்கு இல்லை, பாயின் கடைக்கு. போனபோது பாய் இல்லை, மத்தியானத் தொழுகைக்குப் போயிருந்தார். மேஜைமேல் துப்பாக்கியும், துணியில் சுற்றிய சுட்ட தோட்டாவும் கிடந்தன. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல ஆர்மரர். ஒரே துரு, சேறு. விசை வேல செய்யுதான்னு பாக்கணும், அந்தப் பித்தளையில இன்னா முத்திரை கீதுன்னு எழுதணும். ரெண்டையும் மெஷின்ல போட்டு எடுத்தா படிக்கலாம். நீங்க பாத்து எழுதிக் குடுத்தீங்கன்னா சாயங்காலம் மேல அனுப்பிடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் கெட்டவர் இல்லை. தலைக்குமேல் வேலை இருந்த மனிதர். சுத்தமாக இருந்தால்தானே சரியாகப் பார்க்க முடியும் என்று எல்லோரையும் போலத்தான் நினைத்தார்.

நான் துப்பாக்கியை மடக்கித் திறந்தேன். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாமை அரிசி அளவுதான். விரலால் தள்ளினேன், அசையவில்லை. சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு. தோட்டாவைத் துணியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சாதாரணமாகச் சுட்டால் பித்தளையின் நடுப்பொட்டில் உருண்டையாக ஒரு குழிதான் விழும். இதில் கீழ் விளிம்பிலிருந்து நடுப்பொட்டு வரைக்கும் ஒரு கீறல் ஏறியிருந்தது. மூடும்போது நீட்டிக்கொண்டிருந்த ஊசி இழுத்த கீறல். அந்தக் கீறலுக்குள் துருத் தூள் ஒட்டியிருந்தது.

வெள்ளையன் சொன்னது உண்மை. அதற்கு உலகத்திலேயே இரண்டு சாட்சிதான். துளைக்குள் இருந்த துரு, கீறலுக்குள் இருந்த தூள். அந்த மெஷினுக்குள் போட்டால் இரண்டும் போய்விடும். துரு கரைந்தால் ஊசி விடுபட்டு ஒழுங்காக ஆடும். "துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது" என்று நானே என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"இதக் கழுவக் கூடாது சார்" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் அந்தத் துரு எப்படி வந்தது என்ற கேள்வி அடுத்து வரும். அது நேராகப் பாயிடம் போய் நிற்கும். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "சார் அவசரத்துல கீறாரு, போடுங்க ஆர்மரர். அஞ்சு நிமிஷ வேல" என்று கூடையை நீட்டினார். நான் துப்பாக்கிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். "மொதல்ல பாக்கணும் சார். அப்புறம் கழுவிக்கலாம். கழுவிட்டா திரும்பப் பாக்க முடியாது" என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. அன்று பிற்பகலே மேலதிகாரியிடம் என்னைப் பற்றிப் புகார் போயிற்று, அது வேறு கதை.

அந்த நேரத்தில் பாய் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதன் மரக்கட்டையில் ஒரு விரிசலும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பியும் இருக்கும், அவரே கட்டியது. யார் துப்பாக்கி என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கையை எடுத்தேன். பூதக்கண்ணாடியை எடுத்து ஊசியைப் பார்த்தார், பிறகு பித்தளையைப் பார்த்தார். மறுபடி ஊசியைப் பார்த்தார். கடிகாரம் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, ஆனால் நெடுநேரம் என்று சொல்வேன்.

"போடுய்யா பாய், சார் நிக்கிறாரு" என்றார் முதலாளி.

பாய் மெஷினிடம் போனார். அவர் கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். இரைச்சல் நின்றது. "இதுல தண்ணி படக் கூடாதுங்க சார். அப்டியே கட்டி மெட்ராஸ் லேபுக்கு அனுப்புங்க" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "இத்தக் கழுவுனவன் நான்தான். காயாத குடுத்தேன். அந்த ஈரந்தான் இது" என்றார்.

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "வூட்டுக்குப் போய்க் காய வையின்னு நீ சொன்னியேய்யா, நானே கேட்டேனே. அத்தச் சொல்லு" என்றார். "சொன்னேன். காதுல ஏறிச்சான்னு பாக்கலையே" என்றார் பாய்.

இளைய நண்பர்களே, பணியில் இக்கட்டான நேரத்தில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். எனக்கு யாரும் எடுக்கவில்லை. நான் பார்த்தது அந்த ஒரு சுவிட்ச்தான். அவர் அதை அணைக்காமல் கூடையை இறக்கியிருந்தால், தட்டிக் கேட்பதற்கு என்னைத் தவிர ஆள் கிடையாது. அப்போது நான் என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பேசியிருப்பேன் என்றுதான் நம்ப ஆசைப்படுகிறேன். அந்தச் சோதனையை அவர் எனக்கு வைக்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

கோர்ட்டில் பாய் அதையே சொன்னார். லேப் அறிக்கையும் அதையே சொன்னது. வெள்ளையன் விடுதலை ஆனார். ஆனால் அதற்குள் இரண்டு சாமை அறுவடை போயிருந்தது. மனிதர் பாதியாக இளைத்திருந்தார். பாய்க்கு வேலை போயிற்று. அதன் பிறகு அவர் தையல் மெஷின் பழுது பார்த்துத்தான் பிழைத்தார். துப்பாக்கியை மறுபடி கையில் எடுக்கவே இல்லை. நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். "தையல் மெஷின் ஊசி குத்துனா வெரல்லதான் குத்தும் ஆர்மரரே" என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் வெள்ளையன் கிடங்கு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தீப்பெட்டி. லேபில் கழற்றி எடுத்து, கேஸ் முடிந்து கோர்ட்டில் திருப்பிக் கொடுத்த ஊசி அதற்குள் இருந்தது. துப்பாக்கியை வேண்டாம் என்று ஒப்படைத்துவிட்டு ஊசியை மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

"கோர்ட்டு வுட்டுட்ச்சி சார். ஊரு வுடல" என்றார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கையால் ஒரு உயிர் போனால், செத்தவர் வீட்டுப் பெண் அந்தக் கைக்குத் தண்ணீர் கொடுக்கும் வரைக்கும் வேறு எந்த வீட்டிலும் அந்த ஆளுக்குத் தண்ணீர் கிடையாது. கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், கொல்லை வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். கோவிந்தனின் மனைவி சின்னப்பாப்பா அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. தம்பியின் பிள்ளைகள் இரண்டும் பெரியப்பாவைக் கண்டால் ஓடிவிடுகின்றன. அதைச் சொல்லும்போது அவர் அழுதார்.

"நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க வந்து இந்த ஊசியக் காட்டுங்க சார். எப்டி வெடிச்சதுன்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

பாயிடம் சொன்னேன். அவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நானும் வர்றேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "கழுவுனவன் நானு. நீ போய் இன்னான்னு சொல்லுவ?"

மூன்று பேரும் ஒடுகத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஏறினோம். பாய்க்கு மூச்சிரைப்பு உண்டு. நான்கு அடிக்கு ஒரு தடவை நின்றார். வெயில் நேரம். கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. ஊருக்குள் நாங்கள் மூவரும் நுழைந்ததைப் பார்த்துச் சிலர் கூடினார்கள். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளையன் தம்பி வீட்டு வாசலுக்கு எட்டவே நின்றுகொண்டார்.

சின்னப்பாப்பா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நான் ஏதோ ஆரம்பித்தேன். லேப் என்றேன், அறிக்கை என்றேன். என் காதுக்கே அது நன்றாக இல்லை. பாய் என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். தீப்பெட்டியைத் திறந்து ஊசியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"தாயி, நான் வேலூர்ல துப்பாக்கிக் கடையில இருந்தேன். உன் வூட்டுக்காரு சாவுறதுக்குக் காரணம் அவுரு அண்ணன் இல்ல. நான் இத்தத் தண்ணியில போட்டுக் கழுவினேன். காய வெக்காத குடுத்துட்டேன். துருப்புடிச்சி இது வெளிய நின்னுட்ச்சி. அவுரு மூடுனாரு, இது போய் இடிச்சி வெடிச்சிட்ச்சி. அவுரு கை வெசயத் தொடல."

அந்த அம்மா ஊசியை எடுத்துப் பார்த்தார். விரலில் வைத்துத் திருப்பினார்.

"இவ்ளோ சின்னதா?" என்றார்.

"ஆமாம் தாயி."

"துப்பாக்கியக் கொண்டாந்த அன்னிக்கி எங்கிட்டக் காட்னாரு. மொகம் தெரியுது பாருன்னாரு." பிறகு பாயை நேராகப் பார்த்துக் கேட்டார். "நீ கழுவாத வுட்டிருந்தா?"

எனக்கு அந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விதி என்றோ, மழை என்றோ, கரண்ட் போனதென்றோ. எல்லாமே உண்மைதான். பாய் அவற்றில் எதையும் சொல்லவில்லை.

"வெடிச்சிருக்காது தாயி" என்றார்.

சின்னப்பாப்பா எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு. பாய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் தாண்டி நடந்து போனார். வாசலுக்கு எட்ட நின்றவரிடம் போய், "மாமா, இந்தாங்க" என்று நீட்டினார். வெள்ளையன் இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்கும்போது பாதி அவருடைய நெஞ்சில்தான் கொட்டியது. கூடி நின்றவர்களில் யாரோ ஒருவர் ஓவென்று அழுதுவிட்டார்.

பாய் மெதுவாகத் தரையில் கையூன்றி எழுந்தார். "சர்தான். போலாம் ஆர்மரரே" என்றார். யாரும் எங்களை வழியனுப்பவில்லை, திட்டவுமில்லை.

இறங்குகிற வழியில் பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. நான் குனிந்து வயிறு நிறையக் குடித்தேன். நிமிர்ந்து, வாங்க பாய் என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், ஊசியை வைத்து நீட்டின தன் கையைப் பார்த்தார். "எனக்கு வாணாம்" என்றார். அவருக்கு எவ்வளவு தாகம் என்று எனக்குத் தெரியும். ஒடுகத்தூர் வந்து சேரும் வரைக்கும் அவர் எதையும் குடிக்கவில்லை.